அத்தைக்கும் ஒரு டிக்கெட்

அத்தியாயம் 11

லீவு கிடைத்துவிட்டது.

போன வாரம் பூராவும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்தடித்த கண்ணாடிக்கடை முதலாளி, சனிக்கிழமை சாயங்காலம் ஷட்டரை இழுத்துக்கொண்டே, மருமகளின் முகத்தைக்கூடப் பார்க்காமல், "சரி, போயிட்டு வா. ஆனா அங்க நாலு நாள்தான்" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் வாயைத் திறந்தால் கொடுத்ததையும் பிடுங்கிக்கொள்வார் என்று அவள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் மருமகளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். அதில் மூன்று வருஷமாக அவள் கணவன் ஐரோப்பாவில் ஒரு பெரிய நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். இங்கே வீட்டில் அவளும் மாமியாரும்தான். மாமியார் ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் குழந்தை முதல் பெரியவர் வரை இன்றைக்கும் அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அடுத்த வருஷம் மகனுக்கு ஒப்பந்தம் முடிகிறது, வந்துவிடுவான் என்று மாடி அறைக்கு இப்போதே வெள்ளையடித்து வைத்திருக்கிறாள். அதற்குள் மருமகள் ஒரு தடவை போய் ஊரையும் அவனையும் பார்த்துவிட்டு வரட்டும் என்று முதலில் சொன்னதும் சிஸ்டர்தான்.

இனி, திங்கட்கிழமை காலை.

சாப்பாட்டு மேஜையில் தட்டை ஒதுக்கிவிட்டு, போனில் அந்த ஊரின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மருமகள் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஆறு. ஆற்றின் மேல் எத்தனை பாலம்! அவன் அனுப்பிய குரல் செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதல் நாள் ஆற்றோரமாக நடை, சாயங்காலம் படகு. இரண்டாம் நாள் மியூசியம். காலையிலேயே போய்விட வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் நின்றே கால் கழன்றுவிடும். மூன்றாம் நாள் கோபுரம். காற்று அடிக்கும், கோட்டு இல்லாமல் ஏறக்கூடாது. பேச்சுக்கு நடுநடுவே அவன் மூச்சு வாங்கினான். படி ஏறிக்கொண்டே பேசியிருக்க வேண்டும். லிஃப்ட் ரிப்பேர்க்காரனுக்கு எப்போதும் படிதான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

மியூசியமும் கோபுரமும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. பாவம், ஆசை ஆசையாகத் திட்டம் போடுகிறான்.

அவளுக்கு வேண்டியது ஒரு அறை. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற ஒரு கதவு. நடுவில் ஒருதடவை அவன் ஒரு மாச லீவில் வந்தபோது, வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஹாலில் பாய், மாடியில் பாய். புருஷனும் பெண்டாட்டியும் பேச வேண்டுமென்றால் காய்கறி வாங்குகிற சாக்கில் கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த மாசத்தில் அந்த வீட்டில் வாங்கிய கத்திரிக்காய்க்கு அளவே இல்லை.

அங்கே அவன் இன்னும் இரண்டு பேரோடு ஒரே அறையில் இருக்கிறான். ஆனால் அந்த நாலு நாளுக்கு மட்டும் நண்பன் ஒருவனின் வீடு காலியாக இருக்குமாம், சாவி வாங்கி வைத்துவிடுவானாம். அவன் அதைச் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு அந்த ஊர் என்றால் ஆறும் இல்லை, பாலமும் இல்லை. முகம் தெரியாத ஒரு நண்பனின் வீட்டுக் கதவுதான். இன்னும் ஒரே ஒரு ஆசை இருந்தது. அவன் கையால் பழுதுபார்த்த லிஃப்ட் ஏதாவது ஒன்றில், அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, மேலே போய்க் கீழே வர வேண்டும்.

சிஸ்டர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். பிரஷர் பார்க்கப் போகிறேன், வர மத்தியானம் ஆகும், சாப்பாடு அடுப்படியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

சரி என்று சொல்லி அனுப்பிவிட்டாள் மருமகள். கடைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் யோசனை வந்தது. தெருவுக்கே பிரஷர் பார்க்கிற மெஷின் நம் வீட்டு அலமாரியில்தானே இருக்கிறது?

கடையில் அன்றைக்குக் கூட்டம். ஸ்கூல் திறக்கப் போகிற நேரம், பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாற்ற அம்மாக்கள் வரிசையில் நின்றார்கள். அவள் வேலை, ஃபிரேமை முகத்தில் வைத்துப் பார்த்து, கண்மணி எங்கே வருகிறதென்று லென்ஸில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைப்பது. "தூரத்தைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க" என்று காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டு அவளே தூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். முதலாளி தொண்டையைக் கனைத்த பிறகுதான் கை நகர்ந்தது. உடம்பு மட்டும்தான் கடையில் இருக்கிறது, ஆள் போன வாரமே பிளேன் ஏறியாச்சு என்று அவர் பில் போடுகிற பெண்ணிடம் சொல்லிச் சிரித்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடுத்த தெருவிலிருந்த டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனாள். சின்ன அறை. ஒரு கம்ப்யூட்டர், சுவரில் நாலு ஊரின் கடிகாரம், அதில் இரண்டு ஓடவில்லை. டிராவல்ஸ்காரர் மரியாதையாக உட்காரச் சொன்னார். விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும், எந்தப் பிளேனில் போனால் நடுவில் அதிகம் காத்திருக்க வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினார். தேதியைச் சொன்னதும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

காலையில் ஒரு அம்மா வந்து இதே ஊர், இதே தேதி கேட்டுவிட்டுப் போனார்களே என்றார். பெயர் கேட்டால் சொல்லவில்லையாம். "சிஸ்டர்னு சொன்னா தெரியும்னாங்க. எனக்கு எப்படித் தெரியும்? ஆனா நல்லா விவரமான அம்மா. பிளேன்ல ஒருத்தர் சீட்டுக்கு ரொம்பப் பின்னால, தள்ளி ஒரு சீட் கிடைக்குமான்னு கேட்டாங்க. எல்லாரும் பக்கத்துல சீட் கேப்பாங்க, இவங்க தள்ளிக் கேக்கறாங்களேன்னு நெனச்சேன்."

அவளுக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

கோபமா, அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. மத்தியானம் முழுக்க மனசு உலையாகக் கொதித்தது. மூன்று வருஷத்தில் அந்தக் கத்திரிக்காய் மாசத்தை விட்டால் இந்த நாலே நாள். அந்த நாலு நாளிலும் பங்கா? ஒரு வார்த்தை கேட்டாரா அத்தை? பிரஷராம், பிரஷர். நண்பன் வீட்டில் எத்தனை அறையோ தெரியாது. அந்தக் கதவுக்கு உள்ளே இப்போது மூன்று பேர். அவன் மியூசியம் காட்டிக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்து நடப்பான், பின்னால் அவள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போவாள். ஒரு சின்னப் பையனுக்கு இடது கண்ணாடியில் வைக்க வேண்டிய புள்ளியை வலது கண்ணாடியில் வைத்துவிட்டு, அழித்துவிட்டு மறுபடி வைத்தாள்.

சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வரும்போதே கேட்க வேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள்.

கதவு சாத்தியிருக்கவில்லை. ஹாலில் நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, சிஸ்டர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டிருந்தாள். காலில் புத்தம் புது ஷூ. வெள்ளைப் பட்டை போட்ட, இளவட்டங்கள் ஓடுவதற்குப் போடுகிற ஷூ. வாழ்க்கை பூராவும் வார்டில் ரப்பர் செருப்போடு நடந்த பழக்கம், ஒவ்வொரு அடிக்கும் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டாள்.

மருமகளைக் கண்டதும் நின்றாள். திருட்டுத்தனமாக இனிப்புத் தின்ற குழந்தை மாதிரி முகம்.

"டிராவல்ஸ்ல சொல்லிட்டாங்களா?"

"சொன்னாங்க."

அதற்கு மேல் அடுக்கி வைத்தது எதுவும் வாயில் வரவில்லை. சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவிழ்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டே பேசினாள்.

"சும்மா விசாரிக்கத்தான் போனேன். உன்கிட்ட நானும் வரட்டுமான்னு கேக்கல. கேட்டா நீ சரின்னு சொல்லிடுவே. மாட்டேன்னு சொல்ற பொண்ணு இல்ல நீ. அதான் கேக்கல."

"அப்புறம் எதுக்கு அத்தை ஷூ?"

"கடை வழியா வந்தேன். கால் நின்னுடுச்சு."

  முடிச்சை விட்டுவிட்டு சிஸ்டர் தானாகவே சொன்னாள். லீவில் வந்துபோனதிலிருந்து போனில் அவனுடைய நெற்றியும் மூக்கும்தான் தெரிகிறது, இளைத்திருக்கிறானா பெருத்திருக்கிறானா என்றே தெரியவில்லை, ஒரு தடவை முழு ஆளாக, நின்று, நடந்து பார்க்க வேண்டும் என்றாள். இங்கே வந்தாலும் எத்தனை பேருக்கு நடுவில் வருவான்? அதுதான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாளாம். ஒரு நாள் மட்டும் அவர்களோடு. மற்ற மூன்று நாளும் அவர்கள் பாட்டுக்கு அவர்கள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க அந்த மூணு நாளும்?"

"ஆத்தங்கரைல வரிசையா பெஞ்சு போட்டிருக்காங்களாமே. டிராவல்ஸ்காரர் சொன்னார். காலைல கொண்டுபோய் உக்கார வெச்சுட்டா சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க. நைட் டியூட்டி பாத்தவளுக்கு உக்காந்திருக்கறது ஒரு வேலையா?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பின் தெரியாத ஊரில், குளிரில், வெள்ளைப் பட்டை ஷூவோடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அப்படியே கண்முன்னால் வந்தது. நகர்ந்து இடம் கொடுத்தபடி, போகிற வருகிறவர்களை எல்லாம் நலம் விசாரிக்கிற பார்வை பார்த்துக்கொண்டு.

மத்தியானத்திலிருந்து கொதித்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, அத்தையின் காலை மடியில் எடுத்து வைத்து, ஷூ முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தாள்.

"பெஞ்சும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பக்கத்து சீட்டே கேப்போம். வாங்க."

சிஸ்டர் மருமகளின் தலையில் கையை வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்து, கைப்பையைத் திறந்து அதற்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டாள்.

மருமகள் போனை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போனாள். அங்கே இன்னும் மத்தியானம்தான், வேலையில் இருப்பான். இருந்தாலும் பரவாயில்லை. இந்தச் செய்தியை ஆற வைக்கக் கூடாது.

அவன் எடுத்தபோது பின்னால் மோட்டார் இரைச்சல். ஏதோ பழைய கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில் நின்றுகொண்டிருந்தான்.

அத்தையும் வருகிறார்கள் என்று அவள் சொன்னதும் இரைச்சல் நின்றது. ஸ்விட்சை அணைத்திருக்க வேண்டும். எங்கே என்று கேட்டான். எங்கே என்றால்? உங்கள் ஊருக்குத்தான் என்றாள்.

அவன் சந்தோஷப்படுவான், கொஞ்சம் கிண்டல் செய்வான், நம் நாலு நாள் போச்சே என்று பொய்க்கோபம் காட்டுவான் என்றெல்லாம் நினைத்திருந்தாள். அவனோ குளிரைச் சொன்னான். அம்மாவின் முழங்காலைச் சொன்னான். அந்த வீட்டுக்குப் படி அதிகம் என்றான். ஷூ வாங்கிவிட்டார்கள், கோட்டு கடன் வாங்கிக்கொள்ளலாம், லிஃப்ட் மெக்கானிக் மகன் இருக்கும்போது படிக்கு என்ன பயம் என்று அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அவனுக்குச் சாக்கு தீர்ந்துபோனது.

"அம்மா வேண்டாம்மா. இந்தத் தடவை வேண்டாம்."

"ஏன்?"

 என்னவோ மென்று விழுங்குகிறான் என்று தெரிந்தது.  கேட்கவே கூடாத எதையோ கேட்கப் போகிறோமோ?

"அந்த வீடு என் ஃபிரெண்டோடது இல்ல. நான் எடுத்தது. போன மாசம்தான் எடுத்தேன். ரெண்டு ரூம். சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தா கீழ ஒரு ஸ்கூல் தெரியும். கம்பெனியில நிரந்தரமா இருக்கச் சொன்னாங்க. சரின்னுட்டேன்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ வந்து பாக்கணும், நாலு நாள் இருந்து பாக்கணும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அம்மா உள்ள கால் வெச்ச உடனே தெரிஞ்சுக்குவாங்க. கட்டில் மட்டும் இருந்தா ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். நான் பீரோ வாங்கி என் துணியெல்லாம் அடுக்கிட்டேன். திரும்பி வரப்போறவன் எவனாவது பீரோ வாங்குவானா?"

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இரண்டு அறை. அவர்களுடைய கதவு. நாலு நாளுக்கு இல்லை, எப்போதைக்கும். அந்தச் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் நிற்பதும், கீழே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவதும், கதவு திறந்து அவன் உள்ளே வருவதும் ஒரே மூச்சில் கண்ணில் ஓடி முடிந்தது. மூன்று வருஷமாக எதை நினைத்துத் தலையணையை நனைத்தாளோ, அது கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

உள்ளே ஹாலில் சிஸ்டர் நாற்காலிகளைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. கூடவே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அத்தைக்குப் பாட வரும் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

மூன்று வருஷம் அந்த வீட்டில் இரண்டே பேர். காய்ச்சலில் அவள் படுத்துக்கிடந்தபோது விடிய விடியப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள். அவன் போன் வராத நாட்களில், லைன் சரியில்லை போலிருக்கு என்று அவளுக்கு முன்னால் முந்திக்கொண்டு சொல்கிறவள்.

"கேக்கறியா?" என்றான் அவன்.

"கேக்கறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத்தையை இங்க விட்டுட்டு நான் மட்டும் வரணும். அந்த வீட்டைச் சுத்திப் பாக்கணும், பீரோவைத் திறந்து மூடணும். அப்புறம் திரும்பி வந்து, ஊர் நல்லா இருந்துச்சு அத்தைன்னு சொல்லணும். அதானே? என்னால முடியாதுங்க."

"எப்படி சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல. ஆனா சொல்ல வேண்டியவர் நீங்க. நேர்ல நின்னு சொல்லுங்க. ரெண்டு பேரும்தான் வருவோம்."

அவன் இரண்டு நாள் டைம் கொடு என்றான். கீழே கட்டடக்காரர் சத்தம் போடுகிறார், அப்புறம் கூப்பிடுகிறேன் என்றான். இரைச்சல் மறுபடி கிளம்பி, அறுந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் உள்ளே போனாள். சிஸ்டர் விளக்கைப் போட்டுவிட்டு மேஜைக்கு அருகில் நின்றுகொண்டிருந்தாள். மருமகள் சிரித்தாள். அத்தை, அவருக்கு ரொம்ப சந்தோஷம், கோட்டு மட்டும் நல்லதாகக் கொண்டுவரச் சொன்னார் என்றாள். சொல்லும்போதே தன் குரல் கடையில் ஃபிரேம் விற்கிற குரலாக இருப்பது அவளுக்கே கேட்டது.

சிஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டாள்.

"உக்காரு. அவன் திரும்பி வரலையா?"

 மருமகள் உட்கார்ந்தாள். எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

சிஸ்டர் எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை. உதட்டை மட்டும் ஒருதரம் உள்ளே இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே அவன் பேச்சில் 'நம்ம ஊருக்கு வந்ததும்' என்ற வார்த்தை நின்றுபோய்விட்டது என்றும், முன்பெல்லாம் பேச்சுக்குப் பேச்சு அதைத்தான் சொல்வான் என்றும் மெதுவாகச் சொன்னாள்.

"அப்போ நான் கண்டிப்பா வரணும்," என்றாள். "எங்க இருக்கான்னு தெரியாம எப்படி நெனச்சுக்கறது சொல்லு? மூணு வருஷமா வெறும் இருட்டையே நெனச்சுட்டிருக்கேன். ஒரு தடவை பாத்துட்டு வந்துட்டா, இந்த ஜன்னல்கிட்ட நிப்பான், இந்தப் படியில ஏறுவான்னு நெனச்சுக்கலாம். அது போதும் எனக்கு."

இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. அவன் அங்கே என்றால் நீ? அதை சிஸ்டர் கேட்கவில்லை. கேட்டுவிடப் போகிறாளே என்று மருமகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஜை மேல் இரண்டு பேர் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, தொடாமல்.

போன் அடித்தது. அவன்தான். இரண்டு நாள் கேட்டவன் பத்து நிமிஷத்தில் கூப்பிடுகிறான்.

மருமகள் எடுக்கப் போனாள். அதற்குள் சிஸ்டர் கையை நீட்டினாள்.

"என்கிட்ட குடு."